ஒன்ராறியோவில் முதல் தூண்டில் பயணம்: ஏரி முதலில், உரிமம் பிறகு

ஒன்ராறியோவில் மீன்பிடி உரிமம் எடுப்பது இணையத்தில் சில நிமிட வேலைதான். எந்த ஏரியில், எந்த மீனை, எந்த மாதத்தில் பிடிக்கலாம் என்று அறிந்துகொள்ளத்தான் ஒரு மாலைப்பொழுது வேண்டும். அதனால் உரிமத்துக்கு முன் ஏரியையும் மீனையும் தீர்மானித்துவிடுங்கள்.

ஸ்காபரோவில் இருந்து முதன்முதலாகப் புறப்படுபவர்களுக்கு, வடக்கே ஏறக்குறைய ஒரு மணிநேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் சிம்கோ ஏரியையும், அங்குள்ள மஞ்சள் பேர்ச் மீனையும் பரிந்துரைப்பேன். படகு வேண்டியதில்லை, சிறிய முள்ளில் மண்புழு கோத்தால் போதும். மஞ்சள் உடலில் மேலிருந்து கீழாக இறங்கும் கரும்பட்டைகளைப் பார்த்தே பேர்ச்சை அடையாளம் காணலாம்.

அடுத்து விதிகளைப் படியுங்கள். மாகாணம் 20 மீன்வள வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சிம்கோ 16ஆம் வலயத்திலும், ஒன்ராறியோ ஏரி 20ஆம் வலயத்திலும் உள்ளன. வலயத்தின் பொது விதிகளோடு நிறுத்திவிடாமல், தனித்தனி நீர்நிலைகளுக்கான விதிவிலக்குகளையும் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் விதிவிலக்கே செல்லும்.

சிம்கோவில் பேர்ச்சுக்காக நான் போட்ட புழுவை ஒரு மே மாதம் நல்ல பருமனான பாஸ் மீன் ஒன்று விழுங்கியது. மனமில்லாமல்தான் விட்டேன், ஆனால் விட்டே ஆக வேண்டும், ஏனெனில் அங்கே பாஸ் பருவம் ஜூன் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது. வசந்தத்தில் ஆண் பாஸ் ஆழமற்ற நீரில் வாலால் அடித்து வட்டக் குழி ஒன்றைத் துப்புரவாக்கி, பெண் மீன் இட்ட முட்டைகளுக்குக் காவல் நிற்கும். அதைச் சற்று நேரம் அப்புறப்படுத்தினாலும் சிறுமீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும்.

இனி உரிமம். 18 முதல் 64 வயது வரையான குடியிருப்பாளர்கள் மூன்று ஆண்டு செல்லுபடியாகும் 'அவுட்டோர்ஸ் கார்ட்' அட்டையையும், அதனுடன் உரிமத்தையும் பெறவேண்டும். ஒருநாள் உரிமத்துக்கு அட்டை தேவையில்லை. 65 வயதைக் கடந்த கனடாவாசிகள் அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தால் போதும். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்கு இச்சலுகை பொருந்தாது. எழுபது வயதானாலும் வெளிநாட்டவருக்கான உரிமத்தை எடுக்கவேண்டும்.

உரிமத்தில் முழு அளவு, 'கொன்சர்வேஷன்' எனப்படும் குறைந்த அளவு என இருவகை உண்டு. முன்னதில் ஆறு பாஸ் வைத்துக்கொள்ளலாம், பின்னதில் இரண்டுதான். புதியவர்களுக்கு மலிவான பின்னதே தாராளம். பாஸுக்கான இவ்வெண்ணிக்கை ஒரு நாளைக்கு மட்டும் உரியதன்று, வீட்டுக் குளிர்பெட்டியில் கிடக்கும் மீனும் அதில் சேரும். நம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

பேர்ச்சுக்குக் கரையில் ஒருவர் ஒரு தூண்டில் மட்டுமே போடலாம். உயிருள்ள சிறுமீன்களை இரையாக்குவதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. அவற்றைக் கொண்டுவந்த வாளியின் நீரைக்கூட நீர்நிலையின் 30 மீற்றருக்குள் ஊற்றக் கூடாது. முதல் பயணத்தில் மண்புழுவோடு நின்றுகொள்வதே நல்லது.

பிடித்த மீனைக் கரையிலேயே தோலுரித்துத் துண்டு போடாதீர்கள். வழியில் அதிகாரி பெட்டியைத் திறந்தால் இனமும் எண்ணிக்கையும் தெரியும்படி இருக்கவேண்டும். முழுமீனாகவே கொண்டுவாருங்கள், குழம்புக்குத் தலை கேட்கும் வீடுகளில் இதை யாரும் குறையாகச் சொல்லப் போவதில்லை.