அரபு மாலுமிகளின் விண்மீன் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. பள்ளியில் படித்த இந்த விதியை அப்படியே 15ஆம் நூற்றாண்டு அரபிக்கடலுக்குக் கொண்டுபோவதுதான் முதல் தவறு. இன்று அந்த மீன் வடதுருவப் புள்ளியிலிருந்து ஒரு பாகைக்கும் குறைவாகவே விலகியிருக்கிறது. அரபு மாலுமி இப்ன் மாஜித் கடலோடிய அந்தக் காலத்தில் விலகல் சுமார் மூன்றரை பாகை. துருவத்தைச் சுற்றி அது போடும் வட்டம் அன்று பல மடங்கு பெரியது. வட்டத்தின் உச்சியில் இருக்கும்போது அளந்து, அதை நம்பிக் கோழிக்கோட்டைத் தேடியவர் கன்னியாகுமரியையும் தாண்டித் தெற்கே போயிருப்பார்! தேர்ந்த மாலுமிகள் அது வட்டத்தின் அடிக்கு வரும் உயரத்தையே கணக்காக வைத்தார்கள். வேறு நேரத்தில் அளந்தால் 'பாஷி' என்ற திருத்தம் உண்டு. எவ்வளவு திருத்துவது? சந்திரன் கடக்கும் 28 நட்சத்திரக் கூட்டங்களில் எது உச்சிக்கு வந்திருக்கிறது என்று பார்த்து முடிவு செய்தார்கள்.

அளவும் பாகையில் இல்லை, விரலில். ஒரு விரல் ஏறக்குறைய 1.6 பாகை. கருவி கமால்: சிறு மரப்பலகை, அதன் நடுவில் கட்டிய, முடிச்சுகள் போட்ட கயிறு. முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு நட்சத்திரத்தையும் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். நம் சோழமண்டலக் கரை மாலுமிகளிடமும் இதே வகைக் கருவி இருந்தது, இராப்பலகை என்பார்கள். செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கும்மிருட்டில் போய் நிற்கிறார்கள். நட்சத்திரம் அழகாகத் தெரியும், அடிவானம் தெரியாது. அப்புறம் எதிலிருந்து அளப்பது? அந்தி நேரமோ நிலா வெளிச்சமோ வேண்டும். கயிறு தொய்ந்தாலும் அளவு போச்சு.

திசைகாட்டி வட்டத்தை 32 பங்காக்கி, மீன்கள் உதிக்கும், மறையும் இடங்களின் பெயரை வைத்தார்கள். கிழக்குக்குத் திருவோண மீனின் பெயர். உடனே அது நேர்கிழக்கில் உதிப்பதாக எண்ணிவிடக் கூடாது. அது உதிப்பது சுமார் எட்டு பாகை வடக்கே தள்ளி. பங்குகள் சமமானவை, மீன்கள் அப்படி வரிசைகட்டி உதிப்பதில்லை.

நட்சத்திரம் மட்டுமே போதும் என்று நினைப்பதும் தவறு. கிழக்கு மேற்காக எவ்வளவு வந்தோம் என்பதை மீனின் உயரம் சொல்லாது. அதற்கு 'ஸாம்' என்ற மூன்று மணி நேரப் பயணக் கணக்குதான். இந்தியக் கரை நெருங்குவதைக் கடற்பாம்புகள் காட்டிக்கொடுத்தன. காந்த ஊசியும் கப்பலில் இருந்தது. நிலநடுக்கோட்டை நெருங்கும்போது துருவ மீன் கண்ணுக்கு எட்டாது. அங்கே அது இருக்கும் அதே சிறுகரடி விண்மீன் கூட்டத்தின் பர்கதான் இரட்டை மீன்களை அளந்தார்கள்.

கடைசியாக, எங்கும் திரும்பத் திரும்ப வரும் கதை: 1498இல் வாஸ்கோ ட காமாவைக் கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு அழைத்து வந்தவர் இப்ன் மாஜித் என்பது. பல பத்தாண்டுகள் கழித்து மக்காவில் இருந்த நஹ்ரவாலி என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்த சேதி இது. போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்களோ வழிகாட்டியைக் குஜராத்தி முஸ்லிம் என்கிறார்கள். இப்ன் மாஜித் ஜுல்பாரில், அதாவது இன்றைய ராஸ் அல் கைமா பகுதியில் பிறந்த அரபியர். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இந்தக் கதையை ஏற்பதில்லை.