பழைய காருக்கு ஸ்பேர் கிடைக்கவில்லையா? வண்டிப் பெயரை விட்டுவிட்டு அளவைக் கேளுங்கள்

மும்பையில் கார் ஸ்பேர் கடைகள் உள்ள ஓபரா ஹவுஸ் பக்கம் போய், பழைய பிரீமியர் பத்மினி காருக்காக "பத்மினிக்கு ஆயில் சீல் (ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் "மால் நஹி ஹை" (சரக்கு இல்லை) என்றுதான் பதில் வரும். அதையே பேரிங், சீல் கடைகள் உள்ள நாக்தேவி தெருவில் போய் "35, 52, 7" (உள்விட்டம், வெளிவிட்டம், அகலம், மில்லிமீட்டரில்) என்பதுபோல் அளவாகச் சொல்லிக் கேட்டால், எந்த வண்டி என்றுகூடக் கேட்காமல் எடுத்து வைப்பார்கள். சீல், பேரிங், போல்ட் எல்லாம் எந்த இயந்திரத்துக்கும் பொதுவான சாமான்கள்.

மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது 2003 அக்டோபர் 29-ல். டாக்ஸிகளுக்கான இருபது வருட வரம்பு முடிந்து 2023-ல் அதுவும் ஓய்ந்துவிட்டது. டாக்ஸிக்காக ஸ்டாக் வைத்திருந்த கடைகள் இனி எதற்கு வைக்கும்? ஆகவே அளவெடுக்கக் கற்றுக்கொள்வதுதான் வழி.

படி 1: நம்பர் பாருங்கள். கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயில் துடைத்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்து தெரியும். 6204 என்றிருந்தால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். கூடவே சி3 என்று இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி உள்ள பேரிங் என்று பொருள்.

படி 2: நம்பர் அழிந்த சீலை அளப்பது. எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். பழைய சீலையே அளந்து கடைக்குப் போகாதீர்கள். சீலின் உதடு (உள் ஓரம்) ஷாஃப்டை, அதாவது அதனுள் சுழலும் தண்டை, இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதால், 35 மி.மீ. ஷாஃப்டுக்கான சீலில் உதட்டின் விட்டம் 35-க்குக் குறைவாகத்தான் இருக்கும். வெளிப்பக்கமும் அப்படித்தான்: அடித்து உட்கார வைப்பதால் 52 மி.மீ. குழிக்கான சீல் 52-ஐவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஆகவே ஷாஃப்டையும் சீல் உட்காரும் குழியையும் அளந்து எழுதுங்கள்.

ஷாஃப்டில் பழைய சீல் உதடு ஓடிய இடத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கோட்டில் அளக்காமல், பக்கத்தில் தேயாத இடத்தில் அளக்க வேண்டும். அப்புறம், புதிய சீலின் உதடும் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் மறுபடி ஆயில் ஒழுகும். குழியில் ஆழம் இருந்தால் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்துங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும்.

விட்டம் அளக்கும் கருவியான வெர்னியர் வாங்குவதென்றால் 150 மி.மீ. நீளத்தில் சாதாரண ஸ்டீல் வெர்னியரே போதும். மலிவான டிஜிட்டல் வெர்னியர் வேண்டவே வேண்டாம், பேட்டரி இறங்கினால் அதன் கணக்கை நம்ப முடியாது.

படி 3: எதைப் பழையதாக வாங்கலாம்? கைப்பிடி, பம்பர், விளக்கு வளையம், கியர் லீவர் எல்லாவற்றுக்கும் குர்லா சி.எஸ்.டி. ரோட்டு பங்கார் (பழைய சாமான்) கடைகள் நல்லவை. வண்டியில் இருந்த பாகத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போட்டோவை மட்டும் காட்டினால் போதாது. பிரேக் சாமான் மட்டும் பழையது வாங்கவே வாங்காதீர்கள்.

பிரிக்காத பாக்கெட்டில் பழைய ஸ்டாக் கிடைத்தால் இரும்புச் சாமானை தைரியமாக வாங்கலாம். ரப்பர் என்றால் யோசியுங்கள். பாக்கெட்டுக்குள் இருந்தாலும் வயசானால் ரப்பர் இறுகிவிடும். உதட்டை மெல்ல வளைக்கும்போது வெடிப்பு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிறகு சேர்த்தது: பிரேக் ரப்பரைப் பெட்ரோலில் கழுவலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கூடாது, உப்பிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள்.

அம்பாசடர்காரர்களுக்கு ஒரு விஷயம். பத்மினி ஃபியட் 1100 வழி வந்தது, போல்ட் எல்லாம் மெட்ரிக். அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி என்பதால் பழைய வண்டிகளில் அங்குல மரை வரும். பின்னால் வந்த இசுசு இன்ஜின் மெட்ரிக். ஒரே வண்டியில் இரண்டும் இருக்கலாம் என்பதால், மரை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்த பிறகே போல்ட் வாங்குங்கள்.