பூட்டுத் திரையில் தெரிந்த பெயர்

கோத்தகிரியில் சின்ன அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து மனநல ஆலோசனை தருகிறேன். இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். போன வருடம் காய்கறிக் கடையில் போனைக் கல்லா மேல் வைத்தேன். திரை பூட்டித்தான் இருந்தது. ஆனாலும் "நாளைக்கு கவுன்சிலிங் வர முடியாது மேடம்" என்ற வாட்ஸ்அப் செய்தி, அனுப்பியவர் பெயரோடு பளிச்சென்று வந்தது. கடைக்காரர் படித்துவிட்டார்.

அன்று மாலையே செய்தி அனுப்பியவரை அழைத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எங்க வீட்டுக்கே தெரியாது மேடம்" என்று மட்டும் சொன்னார். எனக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ரகசியத்தை அவருடைய உரிமை என்கிறது. நான் அதைக் கல்லாவில் வைத்துவிட்டேன்.

முதலில் பூட்டுத் திரையில் செய்தி தெரியாதபடி அமைப்பை மாற்றினேன். வேலைக்குத் தனி போன், தனி எண். அதில் பெயர்கள் கிடையாது, குறியீட்டு எண்கள்தான். எந்த எண் யாருடையது என்ற நோட்டு வீட்டு பீரோவில். அமர்வுக் குறிப்புகள் அறையில், வேறு பூட்டில். குறிப்புகளைப் போட்டோ எடுக்கும் பழக்கத்தையும் விட்டேன், அவை தானாக கூகுள் கணக்கில் ஏறி வீட்டு டேப்லெட்டிலும் தெரிந்ததால்.

இரண்டு அமர்வுகளுக்கு நடுவே அரை மணி இடைவெளி விடுகிறேன், வாசலில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க. அறைச் சுவர் மெல்லிய பலகை, பேச்சு வெளியே கேட்கும். மழை நாளில் தகரக் கூரைச் சத்தமே போதும். மற்ற நாட்களில் வெளியே ரேடியோ பாடுகிறது.