முதல் இரண்டு ஆண்டுகள்: புதிய ஆசிரியர்கள் விஷயத்தில் பள்ளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டைக்கு ஆசிரியர் பயிற்சி புதிதன்று. பெண்களை ஆசிரியர்களாக உருவாக்கிய சாராள் தக்கர் நிறுவனத்தின் தொடக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சவேரியார், இஞ்ஞாசியார் பெயர்களில் இயங்கும் கல்வியியல் கல்லூரிகள் பல தலைமுறை ஆசிரியர்களை அனுப்பியிருக்கின்றன. ஆனால் அங்கே படித்த ஒருவர் திசையன்விளையிலோ களக்காட்டிலோ ஒரு பள்ளியில் பணியேற்ற மறுநாள் முதல் அவருக்கு யார் துணை என்று கேட்டால், பெரும்பாலான பள்ளிகளிடம் விடை இல்லை. 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாகி, அதில் 16 வாரப் பள்ளிப் பயிற்சி இடம்பெறுகிறது. அந்த 16 வாரமும் வகுப்புக்குரிய மூத்த ஆசிரியர் ஒருவர் அருகில் இருக்கிறார். வேலை கிடைத்ததும் அந்தத் துணை ஒரே நாளில் நின்றுவிடுகிறது. மூத்தவர்களுக்கு மனமில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது நியாயமாகாது. கால அட்டவணையில் இடம்பெறாத உதவி நடைபெறுவதில்லை. பின்வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு குறையிலிருந்தே கிளைக்கின்றன.

முதல் தவறு ஜூன் மாதத்திலேயே நேர்ந்துவிடுகிறது. பொதுத்தேர்வு வகுப்புகளை மூத்தவர்கள் எடுத்துக்கொள்ள, மிஞ்சிய வகுப்புகள் புதியவருக்குப் போகின்றன. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்காத நம் மாநிலத்தில், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில்தான் மொத்தமாகக் கண்ணில் படுகிறார்கள். அந்த ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பிரிவை, பள்ளியிலேயே மிகக் குறைந்த அனுபவமுள்ளவரிடம் கொடுத்துவிட்டு, காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தேர்ச்சி விழுக்காட்டுக்கு விளக்கம் கேட்கிறோம். போதாக்குறைக்கு, இளையவர் என்பதால் கணினி தெரிந்திருக்கும் என்று எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளத்தில் மாணவர் விவரங்களை ஏற்றும் பதிவுகளும், உதவித்தொகைப் பட்டியலும், ஆண்டுவிழா நிகழ்ச்சிகளும் அவர் மேசைக்கே வந்து சேர்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிரக் கல்விசாராப் பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 27-ஆம் பிரிவில் கூறுகிறது. பள்ளிக்குள்ளேயே குவியும் இத்தகைய வேலைகளுக்கு எல்லை வகுக்கக் கூடியவர் தலைமையாசிரியர் மட்டுமே. முதலாண்டில் வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளைக் குறைத்துக் கொடுப்பது பெரிய சலுகை அன்று. விடுப்பில் இருப்பவரின் வகுப்புக்கு அவரை அனுப்பி அந்த இரண்டையும் தின்றுவிடாமல் காப்பதுதான் கடினம்.

அடுத்தது, வழிகாட்டி ஒருவரைப் பெயரளவுக்கு நியமிப்பது. கணித ஆசிரியருக்கு வரலாற்று ஆசிரியர் வழிகாட்டி என்று பதிவேட்டில் எழுதுவார்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வுப் பாடவேளை கிடையாது. 2004-இல் அமெரிக்காவில் ஸ்மித், இங்கர்சால் இருவரும் வெளியிட்ட ஆய்வில், புதியவர்கள் பணியை விட்டு விலகுவதைக் குறைத்தவற்றுள் முன்னின்றவை ஒரே பாடத்தைச் சேர்ந்த வழிகாட்டியும், சேர்ந்து திட்டமிடுவதற்கான பொது நேரமுமே. நம் பள்ளிகளுக்கும் இது பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். இதற்குப் பணம் தேவையில்லை, அட்டவணையில் இரண்டு கட்டங்களை நேர்செய்தால் போதும்.

வகுப்பை உற்றுநோக்குவதில் நேரும் தவறு இவற்றைவிட ஆழமானது. அரசுப் பள்ளியில் புதியவரின் தகுதிகாண் பருவம் நிறைவடையத் தலைமையாசிரியரின் அறிக்கை வேண்டும். அதே தலைமையாசிரியர் குறிப்பேட்டுடன் வகுப்பின் பின்வரிசையில் வந்து அமர்ந்தால், புதியவர் கற்பிப்பதை நிறுத்திவிட்டு நடிக்கத் தொடங்குகிறார்; தனக்குத் தெரியாததை மறைப்பதே அவருடைய முதல் வேலையாகிவிடுகிறது. மதிப்பிடுபவர் ஒருவராகவும் உதவுபவர் வேறொருவராகவும் இருக்க வேண்டியதன் காரணம் இதுதான். உதவ வருபவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே புதியவரிடம் கேட்டுக்கொண்டு, இருபது நிமிடம் மட்டும் இருந்து, அன்று மாலைக்குள் அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேச வேண்டும். கரும்பலகைக் கையெழுத்து, குரல், பாடக்குறிப்பேடு, கடைசி வரிசைப் பையனின் தூக்கம் என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் எதுவும் மனத்தில் தங்காது.

கவனிக்கத்தக்க ஒன்றுக்கு எடுத்துக்காட்டு: கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில், ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதையும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீளமாகவும் காரணங்களோடும் வருவதையும் கண்டறிந்தார். ஒளி எதிரொளிப்பு நடத்தும் புதியவர் கேள்வியைக் கேட்டுவிட்டுத் தாமே விடையையும் சொல்லிவிடுகிறார் என்றால், வழிகாட்டி ஒரு வாரம் முழுவதும் அதை மட்டுமே பேசலாம்.

வகுப்பை அடக்குவதில் இரண்டு வகையாகத் தவறுகிறோம். ஒரு மாதம் சிரிக்காதே, கம்பை மேசைமேல் வை என்ற ஆலோசனை முதலாவது. உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. அந்த ஆலோசனையைக் கேட்டு நடந்தவர் சிக்கலில் மாட்டும்போது, சொன்னவர் யாரும் அருகில் நிற்பதில்லை. இரண்டாவது, சத்தம் கேட்டதும் மூத்தவர் உள்ளே நுழைந்து, புதியவரின் கண்ணெதிரே பிள்ளைகளை அதட்டிவிட்டுப் போவது. வகுப்பு அந்தக் கணமே அமைதியாகும். அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் பிள்ளைகள் அந்தக் கணமே தெரிந்துகொள்வார்கள்.

நெல்லைச் சீமையில் இன்னொன்றையும் தவிர்க்க வேண்டும்: ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் புதியவரை வகுப்புக்கு அனுப்புவது. விழுப்புரத்திலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வந்தவருக்கு, முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் எத்தனையோ வீடுகளில் பீடி சுற்றும் வேலை நடப்பது தெரியாது. வீட்டுப்பாடம் எழுதாத மாணவியை மூன்று நாள் நிற்கவைத்த பிறகே காரணம் அவருக்குத் தெரியவரும். சாதி இதைவிடக் கனமான விஷயம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்த வன்முறைக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு, சாதியை அடையாளம் காட்டும் வண்ணக் கைக்கயிறுகளுக்குத் தடை உள்ளிட்ட பரிந்துரைகளை 2024 ஜூனில் அளித்தது. மணிக்கட்டில் கயிறு கட்டிய மாணவனிடம் எப்படிப் பேசுவது, யார் அருகில் யார் உட்கார மறுக்கிறார்கள், மறுத்தால் என்ன செய்வது, யாரிடம் உடனே சொல்வது ஆகியவற்றைப் பணியேற்ற முதல் வாரத்திலேயே தலைமையாசிரியர் புதியவரோடு அமர்ந்து பேச வேண்டும். "அதிலெல்லாம் தலையிடாதீர்கள்" என்று ஒதுக்கிவைப்பது புதியவரையும் பாதுகாக்காது, பிள்ளைகளையும் பாதுகாக்காது.

பயிற்சி முகாமுக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரப் பணிசார் வளர்ச்சி பற்றிப் பேசுகிறது. முனைஞ்சிப்பட்டி மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலும் வட்டார வள மையங்களிலும் பயிற்சிகள் நடக்கின்றன. திரும்பி வந்தவரிடம் அங்கே என்ன கற்றீர்கள், எந்த வகுப்பில் எப்போது செய்து பார்க்கப் போகிறீர்கள் என்று யாரும் கேட்காவிட்டால், அந்த மணி நேரங்கள் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிடும். ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகளில் அப்படிக் கேட்கவும் ஆள் இல்லை. அங்கே பணிபுரியும் புதியவருக்குப் பக்கத்துப் பள்ளியின் மூத்தவர் ஒருவரைத் துணையாக்கி, அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்ட நாளில் அரைமணி நேரம் அவர்கள் இருவருக்கென்று ஒதுக்குவது நடைமுறைக்கு ஏற்றது.

தனியார் பள்ளிகளில், ஆண்டின் இடையில் போய்விடக் கூடாது என்று அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அது ஆளை நிறுத்திவைக்கும், ஆசிரியராக வளர்க்காது.

கடைசியாக, முதலாண்டு முடிந்ததும் புதியவரை வேறு வகுப்புக்கோ வேறு பாடத்துக்கோ மாற்றிவிடும் பழக்கம். எந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே இடறினார்கள் என்பதை அவர் அறிந்துகொண்டதே முதலாண்டின் ஈட்டம். அதே பாடத்தை இரண்டாம் முறை நடத்தும்போதுதான் அந்த அறிவு பயன்படும். எனவே மே மாத இறுதியில் அட்டவணை தயாரிக்கும் தாளாளரும் தலைமையாசிரியரும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலன்றி, கடந்த ஆண்டு கொடுத்த வகுப்புகளில் குறைந்தது இரண்டையாவது அவருக்கே மீண்டும் கொடுக்க வேண்டும்; வழிகாட்டியோடு பேசுவதற்கான பாடவேளையையும் இரண்டாம் ஆண்டு அட்டவணையில் விட்டுவைக்க வேண்டும்.