கார் பெயின்டில் ஒட்டிய மரப்பிசினை எடுக்க

காரில் வேப்பம்பிசினோ முருங்கைப் பிசினோ ஒட்டிக் காய்ந்திருந்தால் நகத்தாலோ பிளேடாலோ சுரண்டாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பழைய பனியன் துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். பிசின் ஊறிக் கொழகொழவென்று ஆனதும் அழுத்தாமல் வழித்தெடுத்துவிடலாம். காசு செலவே இல்லை.

இந்தப் பிசின்கள் தண்ணீரை உறிஞ்சி இளகுபவை, அதனால்தான் இது எடுபடுகிறது. பலாப்பால் அப்படியல்ல, தண்ணீருக்கு அசையாது. பலாச்சுளை எடுக்கும்போது கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அதே வைத்தியம்தான் காருக்கும்: எண்ணெயைத் தடவி, சற்று ஊறவிட்டுத் துடைத்து, கார் ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். மலைப்பக்கம் பைன் மரத்தடியில் நிறுத்திய வண்டி என்றால் எண்ணெய் போதாமல் போகலாம். அந்தப் பிசின் ஆல்கஹாலில் கரையும். துணியை ஆல்கஹால் கலந்த சானிடைசரில் கொஞ்சம் நனைத்து அரை நிமிடம் ஒற்றி வைத்துத் துடைத்து, உடனே கழுவிவிடுங்கள். அந்த இடத்தில் வாக்ஸும் போயிருக்கும், அப்புறம் மறுபடி பூச வேண்டும்.

சமீபத்தில் டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த வண்டிக்கும் மேட் பூச்சுக்கும் சானிடைசர் வேண்டாம். தின்னர் எந்த வண்டிக்கும் வேண்டாம், மெக்கானிக்கே சொன்னாலும் சரி. எதைச் செய்தாலும் நிழலில், பானட் ஆறிய பிறகு செய்யுங்கள். பிசினை எடுத்த பிறகும் மங்கலான தடம் தெரிந்தால் பிசின் மேல்பூச்சை அரித்துவிட்டது என்று பொருள். அதற்குப் பாலிஷ்தான் போட வேண்டும்.