பதினாறு வயதுப் பிள்ளையோடு எப்போது கதைப்பது, எப்படிக் கதைப்பது

போன கிழமை பக்கத்து வீட்டு அக்கா அழாக்குறையாகக் கேட்டா: "கணக்கில 90 எடுக்கிற பொடியன், மழைக்குள்ள ஹெல்மட்டும் இல்லாம பின்னால ரெண்டு பேர ஏத்திட்டுப் போறான். இவனுக்கு மூளை இருக்கா இல்லையா?" இருக்கு. ஆறு வயதிலேயே மூளை பெரியவர்களின் மூளையில் கிட்டத்தட்ட 90 சதவீத அளவுக்கு வளர்ந்துவிடும், பிறகு நடக்கிற பெரிய வேலை அதன் பகுதிகளுக்கு நடுவே பாதை போடுவது.

மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற பழைய கல்லடிப் பாலம் நினைவிருக்கும். 1924 இல் திறந்தது, ஒரு பக்க வாகனம் கடந்து முடியும்வரை மறுபக்கம் காத்துக் கிடக்கும். 2013 இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்தது, அதே வாவி, அதே தூரம், இப்போது நிற்காமல் போகிறோம். நரம்பிழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை படியும்போதும் இப்படித்தான், செய்தி பல மடங்கு வேகமாக ஓடும். கூடவே, பாவிக்காத இணைப்புகள் கழிந்துபோக, பாவிப்பவை உறுதியாகும். பார்வைக்கும் அசைவுக்குமான பகுதிகளில் இது முந்தி முடிந்துவிடும், யோசித்து நிறுத்துகிற நெற்றிப் பக்கத்துக்குக் கடைசியாகத்தான் வரும், இருபதுகளின் நடுப்பகுதி வரை இழுக்கும். ஆசையையும் கோபத்தையும் கிளப்புகிற உட்பகுதிகளோ பருவமடையும்போதே துடிப்பாகிவிடும்.

அதனால் முதல் வேலை, சூட்டில் கதைக்காதீர்கள். பிள்ளை வாசலில் பைக்கை நிறுத்தும்போதே "ஏன்டா இப்படிச் செய்தாய்" என்று கேட்டால் அவனிடம் பதில் இருக்காது, உண்மையாகவே இருக்காது. சாப்பிட்டு, குளித்து, அடுத்த நாள் பின்னேரம் தேத்தண்ணியோடு இருக்கும்போது, "மனே, நேற்று அந்த வளைவில மணலில சறுக்கியிருந்தா பின்னால இருந்தவனுக்கு என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒரு நிமிடம் போகும், இரண்டு நிமிடம் போகும், குறுக்கே ஏசவேண்டாம், அவன் யோசித்துச் சொல்லட்டும்.

கூட்டாளிகள் விசயம் தனி. 2005 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கார் ஓட்டும் வீடியோ விளையாட்டு கொடுத்துப் பார்த்தார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியே விளையாடியதைவிட மிகக் கூடுதலாக ஆபத்தை எடுத்தார்கள், 24 வயது தாண்டியவர்களிடம் அவ்வளவு மாற்றம் இல்லை. ஆகவே கடலுக்கோ திருவிழாவுக்கோ போகமுதல் வீட்டிலேயே முடிவெடுக்க வையுங்கள்: யார் ஓட்டுவது, எத்தனை பேர், எங்கே குளிப்பது. "இடையில சரிவராட்டி கோல் எடு, வந்து கூட்டிட்டு வாறன், அண்டைக்கு ஒரு வார்த்தை ஏசமாட்டன்" என்று சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடவுங்கள். வாக்குத் தவறினால் அடுத்த முறை கோல் வராது.

அப்புறம் நித்திரை. இந்த வயதில் நித்திரையை வரவழைக்கிற மெலட்டோனின் பிந்தித்தான் சுரக்கும், ஆனால் 8 முதல் 10 மணித்தியாலம் தேவை. பதினொரு மணிக்குக் கண்ணயர்கிற பிள்ளையை விடிய நாலரைக்கு எழுப்பி ரியூசனுக்கு அனுப்புவது படித்ததையும் சேர்த்துக் கெடுக்கும். விடியக்காலை வகுப்பில் ஒன்றையாவது விடுங்கள், இரவில் எல்லாருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, விறாந்தையில் கிடக்கட்டும்.

பாவிக்கிற பாதைதான் உறுதியாகும் என்றேனே, அதற்கு நிசமான முடிவுகள் வேண்டும். என் அக்காவின் மகனை வேளாண்மை வெட்டுக்கு மிசின்காரரோடு கூலி பேச அனுப்பினோம். முதல் போகம் கூடக் கொடுத்துவிட்டு வந்தான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த போகம் பக்கத்து வட்டைகளில் என்ன விலை என்று மூன்று பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் வாய் திறந்தான்.

இவ்வளவும் செய்தும் பிள்ளை இரண்டு கிழமைக்கு மேல் ஒதுங்கியே கிடந்து, சாப்பாடும் படிப்பும் விட்டுப்போனால், வயசுக் கோளாறு என்று விடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநலத் தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.