10 மாதம் 10 ஆண்டாக மாறியதால் மறுக்கப்பட்ட காப்பீட்டுத் தொகை: என் அனுபவம்

அம்மாவின் இதய அடைப்புச் சிகிச்சைச் செலவை, பாலிசி எடுக்கும் முன்பே இருந்த சர்க்கரை நோயை மறைத்ததாகக் கூறிக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தது. முகவரும் வாடிக்கையாளர் சேவையும் கைவிரித்தனர். நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கும் அதே வாசகமே வந்தது. பாலிசி தொடர்ந்து 60 மாதம் நடப்பில் இருந்திருந்தால், 2024ஆம் ஆண்டு விதிப்படி, மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய இந்தக் காரணம் செல்லாது. எங்களுடையதற்கு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரியை வரிவரியாகப் படித்தபோதுதான், அம்மாவை அனுமதித்தபோது பணி மருத்துவர் எழுதிய 'சர்க்கரை நோய், 10 ஆண்டுகள்' என்ற குறிப்பு கண்ணில் பட்டது. உண்மையில் அது 10 மாதங்கள். சம்மரியை மட்டும் திருத்தி வாங்கினால் பின்னர் மாற்றியதாகச் சொல்லிவிடுவார்கள் என்பதால், சிகிச்சையளித்த மருத்துவரின் பதிவு எண்ணுடன் கூடிய விளக்கச் சான்றிதழையும், பாலிசி எடுப்பதற்குச் சற்று முன்பு எடுத்த, சர்க்கரை இயல்பாக இருந்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) பரிசோதனை அறிக்கையையும் இணைத்து, கட்டணம் ஏதுமில்லாத காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன்) முறையிட்டேன். விசாரணைக்கு முன்பே தொகை வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.